யாருடைய தாலிக்கொடி?

நகைக்கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு கதை சொல்வார்கள். கிழிந்த சப்பாத்தோடு ஒரு மனிதர் வந்தாராம், யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லையாம், கடைசியில் அவர்தான் ஊரிலேயே பெரிய பணக்காரராம். மொன்றியலில் கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலம் முழுக்க அந்த மனிதரை நானும் எதிர்பார்த்திருந்தேன். அவர் வரவேயில்லை. என்னிடம் வந்த பணக்காரர்கள் எல்லோரும் நல்ல சப்பாத்தோடுதான் வந்தார்கள்.

ஆகவே அந்தக் கதையை விடுவோம். தங்கத்தின் மாற்றுப் பார்க்க மெஷின் இருக்கிறது, அதை முதலாளி காட்டித் தருவார். நான் சொல்லப்போவது, வேலையிலிருந்து இளைப்பாறி வீட்டிலிருக்கும் இப்போதும் தொலைபேசி அடித்தால் எனக்கு நினைவுக்கு வருகிற ஒரு நாளைப் பற்றி. கதைக்கு முன்னால், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் சனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நம் கடைக்கு அமெரிக்காவிலிருந்து தமிழர் வருவது உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய டொலருக்கு இங்கே மதிப்புக் கூட. இங்கே சொந்தக்காரர் இருப்பார்கள், பக்கத்து லவாலில் கல்யாண மண்டபம் இருக்கும். வருகிறவர்களில் டொக்டர்மார், கொம்பியூட்டர் கொம்பனி வைத்திருப்பவர்கள் அதிகம். மரியாதையான மனிதர்கள். 'பிளீஸ்' சொல்லாமல் ஒரு மோதிரத்தைக்கூட எடுக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் இங்கே செயின்ட்-மிஷேலில் இருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் தங்கம் வாங்குவதற்கும் இவர்கள் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் கவனித்துக்கொண்டே வந்தேன்.

செயின்ட்-மிஷேல் பெண் சங்கிலியைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "திருப்பிக் குடுத்தா என்ன விலைக்கு எடுப்பியள்?" என்பதுதான். வாங்கும்போதே விற்பதைப் பற்றி நினைக்கிறாள். பாவாடை மடிப்புக்குள் காப்பைத் தைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடிய சனம் நாங்கள். தங்கம் எங்களுக்குக் கெட்ட நாளுக்கு வைத்த சோறு. நியூ ஜேர்சிப் பெண் கேட்கும் முதல் கேள்வி, "இது ஒஃபிசுக்கும் போடலாமா?" என்பது. கெட்ட நாளுக்கு அவளிடம் வீடு இருக்கிறது, பங்கு இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. பயம் எழும்பிப் போன கதிரையில் ஸ்டைல் வந்து குந்திவிடுகிறது. ஸ்டைல் என்றால் அது பழசாகும். பழசானால் மாற்றவேண்டும்.

இதை நான் நக்கலுக்குச் சொல்லவில்லை. பயமில்லாமல் வாழ்வது பாவமா? எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் பயம் போனவர்களுக்கு, தங்கள் கையில் இருப்பது இன்னொருவருடைய பயம் என்பது தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. அவர்கள் விலை பேசமாட்டார்கள், காத்திருக்கவும் மாட்டார்கள். காசு கூடக் கூட மனிதர் பொருளை வாங்குவதைவிடக் காத்திராமல் இருப்பதைத்தான் வாங்குகிறார்கள். அதோடு அங்கே எதையும் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு அம்மா, மாதக்கணக்கில் படுத்த மெத்தையைக் கடைக்காரன் ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்பி எடுத்தான் என்று பெருமையாகச் சொன்னார். அப்படிப் பழகியவர்களுக்கு, முடிந்தது முடிந்ததுதான் என்ற சொல் காதில் ஏறுவதில்லை.

இப்போது வத்சலாவுக்கு வருகிறேன். நியூ ஜேர்சியிலிருந்து வந்தவர். கணவர் இருதய டொக்டர். மகனுக்கு மொன்றியல் பெண்ணை நிச்சயித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார்தானே தாலியும் கூறைச்சேலையும் கொண்டுபோகவேண்டும். அதற்காக ரொக்ஸ்பரோவில் இருக்கும் தம்பி வீட்டில் வந்து தங்கியிருந்தார். எங்கள் கடைக்கு அந்த ஆண்டில் கிடைத்த பெரிய ஓடர் அது. முதலாளி தன் கையாலேயே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார் என்றால் பாருங்கள்.

அவரைக் கவனித்தவள் சுகந்தி. காலையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைத்துவிட்டு, மத்தியானம் கடைக்கு ஓடிவருகிறவள். வத்சலா அன்பாகத்தான் அவளோடு கதைத்தார். ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்டார். "கஷ்டப்பட்டா ஆரும் வரலாம்தானே, நாங்களும் ஒண்டுமில்லாமத்தான் வந்தனாங்கள்" என்றார். சுகந்தி சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தாள். கஷ்டப்பட்டுத்தான் வந்தோம் என்பதில் அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வராமல் நின்றவர்கள் கஷ்டப்படவில்லையா என்ற கேள்விதான் அவருக்கு வரவில்லை.

பிறகு ஒரு வெல்வெட் பையைத் திறந்து பழைய நகைகளைக் கொட்டினார். வங்கி லொக்கரை ஒதுக்கியதாகவும், எல்லாம் பழைய மொடல் என்றும், இவற்றைக் கொடுத்து மருமகளுக்குப் புதிதாக ஒரு அட்டியல் எடுக்கவேண்டும் என்றும் சொன்னார். காப்பு, சங்கிலி, கல்லு விழுந்த தோடு. அவற்றுக்கு நடுவே ஒரு தாலிக்கொடி. மெல்லிய கொடி, பிள்ளையார் தாலி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டு.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வத்சலாவின் கழுத்தில் விரல் தடிப்பில் அவருடைய கொடி கிடக்கிறது. அப்படியென்றால் இது வேறு யாரோ ஒருத்தியுடையது. கழுத்தை விட்டு இறங்கிய கொடிக்கு என்ன காரணம் இருக்கும்? போட்டிருந்தவள் போயிருப்பாள், கட்டியவன் போயிருப்பான், இல்லாவிட்டால் அடுப்பெரிய வழியில்லாமல் போயிருக்கும். கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த இடத்தில் இதில் எதை வாய்திறந்து கேட்பது? எங்களுடைய சனத்தில் மங்கல காரியத்தில் அமங்கலமாக ஒரு சொல் விழக்கூடாது. ஆகவே சுகந்தி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு சனம் வைத்திருக்கும் கடையென்றால் 'இது யாருடையது' என்று யோசிக்காமல் கேட்டிருப்பார்கள். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள், வாயை மூடிக்கொண்டோம். முறைப்படி படம் எடுத்து, நிறுத்து, பையில் போட்டு, செயின்ட்-மிஷேலில் இருந்த பட்டறைக்கு உருக்க அனுப்பிவிட்டோம்.

அடுத்த நாள் காலை கடையைத் திறந்து விளக்கு வைக்கும்போது தொலைபேசி. வத்சலா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அக்கா, நேற்றுத் தந்த பழசுகளுக்குள்ள ஒரு கொடி இருந்ததெல்லே. அதை ரிட்டர்ன் எடுக்கவேணும்."

நான் பட்டறைக்குப் போய்விட்டதைச் சொன்னேன். மற்றப் பக்கத்தில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு வந்தது அதே வத்சலாவின் வேறு குரல். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அது அவருடைய சொந்த அக்கா யோகத்தின் கொடி. அத்தான் யுத்த காலத்தில் ஒரு நாள் கடைக்குப் போய் வரும் வழியில் பிடிபட்டவர். பிடித்துக்கொண்டு போனவர்கள் விடவுமில்லை, இறந்துவிட்டார் என்று சொல்லவுமில்லை. இருபது சொச்சம் வருஷத்துக்கு முன் வத்சலா அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது அக்கா தன் கொடியைக் கழற்றி, ஊரில் இருந்தால் பறிபோய்விடும், அவர் வந்த பிறகு போடுகிறேன், அதுவரை பத்திரமாக வைத்திரு என்று கையில் கொடுத்திருக்கிறார். வத்சலாவும் பத்திரமாகத்தான் வைத்தார். வீடு வாங்கி, பெரிய வீடு வாங்கி, லொக்கருக்குள் நகைமேல் நகை சேர்ந்ததில் அது யாருடையது என்பதே மறந்துபோயிற்று.

கல்யாணத்துக்கு விசா கிடைத்து யோகம் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நாள் இரவுதான் ரொக்ஸ்பரோவுக்கு வந்திருக்கிறார். காலையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே, "என்ர கொடியைக் கொண்டந்தனியோ?" என்று கேட்டிருக்கிறார்.

"பொலிஷ் பண்ணக் குடுத்திருக்கு, பின்னேரம் கொண்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் வத்சலா. "எவ்வளவு எண்டாலும் பரவாயில்லை. எனக்கு அது வேணும்."

பட்டறைக்கு அழைத்தேன். நகை உருக்கும் பத்தர் எடுக்கவில்லை. ஊதுகுழாயில் நெருப்பு எரியும்போது அவர் தொலைபேசியைத் தொடமாட்டார். எடுக்கவில்லை என்றாலே எரிகிறது என்றுதான் அர்த்தம். தெருவெல்லாம் வழக்கம்போலக் கிண்டிப்போட்டு ஒரேஞ்சுக் கூம்பு நட்டிருந்ததால் காரை நம்பவில்லை. ஓடிப்போய் நீலப் பாதை மெட்ரோவில் ஏறினேன். பாதி வழியில் சுரங்கத்துக்குள் ரயில் நின்றது. சேவை தடைப்பட்டிருக்கிறது, பொறுமைக்கு நன்றி என்று பிரெஞ்சில் ஒரு பெண்குரல். என்னிடம் இல்லாத பொறுமைக்கு அவள் நன்றி சொன்னாள். திரும்பத் திரும்ப பத்தருக்கு அழைத்தேன். முகம் தெரியாத ஒரு பெண் இருபது சொச்சம் வருஷம் காத்திருந்தது இப்போது நெருப்பில் இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா? பக்கத்தில் இருந்த ஹெயிட்டிக்காரி என்னைப் பார்த்துத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். என் முகம் அப்படி இருந்திருக்கவேண்டும்.

நான் பட்டறைக்குள் நுழையும்போது பத்தர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு கட்டி. வத்சலாவின் காப்பும் சங்கிலியும் யோகம் அக்காவின் கொடியும் ஒன்றாகிக் குளிர்ந்து கிடந்தன. பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சாமிப்படத்தடியில் இருந்த சின்னத் தட்டத்தை எடுத்துவந்து முன்னால் வைத்தார். அதற்குள் பிள்ளையார் தாலி இருந்தது.

"தாலியை எடுத்த எடுப்பில நெருப்பில போடுறேல்லை, தங்கச்சி. ஒரு கிழமை இஞ்ச வைப்பன். சிலவேளை ஆரும் தேடி வருவினம்."

அழுகை வந்துவிட்டது. அந்த இடத்தில் அழுததற்கு நான் வெட்கப்படவில்லை.

தாலியையும் கட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பியபோது வத்சலா நின்றிருந்தார். தாலியைக் கண்டதும் முகம் தெளிந்தது. அவருக்கு மூளை கடகடவென்று வேலை செய்யும், அதனால்தானே இந்த நிலைக்கு வந்திருக்கிறார். தாலி இருக்கிறது, கொடியின் படம் கடையில் இருக்கிறது. "இதே மாதிரி கொடி ஒண்டு செய்து, இந்தத் தாலியைக் கோத்துத் தாங்கோ. கொஞ்சம் உரஞ்சி, மங்கலாக்கி, பழசு மாதிரி. அக்காவுக்குத் தெரியாது," என்றார். முதலாளி தொலைபேசியில் என் காதுக்குள் அதையே சொன்னார். செய்து குடு, கல்யாண ஓடர் கையில இருக்கு, யாருக்கு என்ன நட்டம்?

பிள்ளைகளே, எனக்கும் அது சரியென்றே பட்டது. பொய் என்றாலும் இரக்கமான பொய்தானே? யோகம் அக்கா நிம்மதியாகக் கல்யாணம் பார்ப்பார். தங்கை தலைகுனிய வேண்டியதில்லை, கடையும் பிழைக்கும். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்த மனுசியிடம் ஏற்கெனவே எத்தனை பேர் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். முகாம் வாசலில் சொல்லியிருப்பார்கள், அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருப்பார்கள், உயிரோடு கண்டேன் என்று காசு வாங்கிக்கொண்டு போனவன் சொல்லியிருப்பான். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"கொடி செய்து தருவன், அம்மா. ஆனா புதுசைப் புதுசாத்தான் தருவன். பழசாக்கித் தரமாட்டன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விலைக்காக நிற்கிறேன் என்று நினைத்துக் கூட்டிக் கேட்டார், பிறகு இன்னும் கூட்டினார். நான் தலையை ஆட்டியபோது அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, திகைப்பு. காசு போய் நின்று கதவு திறக்காத இடத்தை அவர் கண்டு கனகாலமாகியிருக்கும். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஓடர் முழுவதையும் நிற்பாட்டுவதாகவும், கடையைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதுவதாகவும் சொன்னார். தாலியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மத்தியானம் போல நீளமான மத்தியானத்தை நான் கண்டதில்லை. முதலாளி என்னோடு கதைக்கவில்லை. சுகந்தி ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஓடர் போனால் முதலில் போவது அவளுடைய வேலை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நேர்மை என்று சொல்லி இன்னொருத்தியின் சோற்றை எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று எனக்குள் ஒரே அரிப்பு. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

கடை பூட்டும் நேரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். வத்சலாவின் கண் வீங்கியிருந்தது. மற்றவர் ஒல்லியாக, யாரோ கொடுத்த பெரிய குளிர் ஜக்கெட்டுக்குள் இருந்தார். தாலியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் வத்சலா காருக்குள்ளேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். யோகம் அக்கா என்னிடம் அந்தக் கட்டியைப் பார்க்கவேண்டும் என்றார். கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ர எது, இவளின்ர எது எண்டு பிரிக்க ஏலுமோ?"

ஏலாது என்றேன்.

அவர் கட்டியைப் புரட்டினார். அவருடைய பயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொடி போனது அவருக்குப் பெரிதில்லை. அது நெருப்பில் போனது எதற்கோ சகுனமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். வத்சலா அழ ஆயத்தமானார். யோகம் அக்கா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொன்னுருக்கித்தானே தாலி செய்யிறது," என்றார். "என்ர கலியாணத்துக்கும் அப்பிடித்தானே உருக்கினது. இன்னொருக்கா உருக்கியிருக்கு எண்டு வைச்சுக்கொள்ளுறன். செய்யுங்கோ, பிள்ளை. புதுசா இருக்கட்டும்."

கல்யாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவது எங்கள் வழக்கம். இந்த வீட்டிலும் அந்தக் கிழமை மகனுக்காக அது நடக்கவிருந்தது. கணவன் காணாமல் போன பெண்ணை அந்தச் சடங்குக்கு முன்னால் நிற்க விடுவார்களோ தெரியாது. அவர் தன்னுடையதை என் கவுண்டரிலேயே முடித்துக்கொண்டார்.

வத்சலா கொடியைத் தடிப்பாகச் செய்யச் சொன்னார், தன் பங்குக்கு இன்னும் பவுண் சேர்க்கச் சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும். யோகம் அக்கா மறுத்துவிட்டார். அதே நிறை, அதே குண்டு, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

நீங்கள் கேட்பீர்கள், ஓடர் என்னவாயிற்று என்று. நிற்கவில்லை. சுகந்தியும் வேலையில் இருக்கிறாள், இன்றைக்கு உங்களுக்கு மேற்பார்வை செய்கிறவள் அவள்தான். ஆனால் எனக்கு நல்லபடியாக முடிந்ததென்று நினைத்து அப்படிச் செய்யப் புறப்படாதீர்கள், அது வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம். நான் சொல்வது அதற்கு முன்னால் இருக்கிற சின்ன விஷயம். பழைய நகை மேசைக்கு வந்தால் கேளுங்கள். மங்கல நாளென்றாலும், வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய இடமென்றாலும், முதலாளி தேத்தண்ணியோடு நின்றாலும், 'இது யாருடையது அம்மா' என்று கேளுங்கள். நிறைய இருக்கிறவர்களுக்கு ஒவ்வொன்றும் யாருடையது என்று நினைவிருக்காது. அவர்களுக்காக நாங்கள்தான் நினைவுபடுத்தவேண்டும்.

கொடி முடிந்த அன்று இருவரும் சேர்ந்து வந்தார்கள். புதுத் தங்கத்தின் பளபளப்புக்கு நடுவே பழைய பிள்ளையார் மட்டும் முகம் தேய்ந்து இருந்தார். சுகந்தி சிவப்புப் பெட்டியில் வைத்து நீட்ட, வத்சலா பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். பயணத்தில் தொலைந்துவிடும், நானே கொண்டுபோய் லொக்கரில் வைக்கிறேன் என்றார்.

யோகம் அக்கா பெட்டியைத் திறந்து கொடியை எடுத்தார். கழுத்தில் போடவில்லை. கைலேஞ்சித் துணியில் சுற்றி முடிந்து, ஜக்கெட்டின் உள்பையில் வைத்துச் சிப்பை இழுத்தார்.

"வேண்டாம், வத்சலா," என்றார். "இந்த முறை நானே வைச்சிருக்கிறன்."